தொண்டைச் சதை அறுவை: எப்போது தேவை, எப்போது காத்திருக்கலாம்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு 7 வயது. ஓராண்டாக அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து பள்ளிக்குப் போக முடியாமல் படுத்துவிடுகிறான். இரவில் வாயைத் திறந்தபடி பலமாகக் குறட்டை விடுகிறான். காரைக்குடியில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், டான்சில் என்னும் தொண்டைச் சதை பெரிதாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார். அவனுடைய அப்பத்தாவோ, உடம்பைக் காக்கும் சதையை வெட்டினால் பிள்ளை நோஞ்சானாகிவிடுவான் என்று சம்மதிக்க மறுக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: டான்சில் பெரிதாக இருப்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. 4 வயதிலிருந்து 8 வயது வரை பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும்; பிறகு தானே சுருங்கத் தொடங்கும். தொற்று எத்தனை முறை, எவ்வளவு கடுமையாக வந்தது என்பதும், இரவில் குழந்தை தடையின்றி மூச்சுவிடுகிறானா என்பதுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஜாக் பாரடைஸ் என்னும் குழந்தை மருத்துவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வில் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 முறை தொண்டைத் தொற்று வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 101 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், டான்சிலில் வெள்ளைப் படலம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதாகப் பரிசோதனை முடிவு ஆகியவற்றுள் ஒன்றாவது இருந்ததாகக் குறிப்பும் வேண்டும். வெறும் சளியோடு வந்த தொண்டைக் கரகரப்பு இந்தக் கணக்கில் சேராது. அதே ஆய்வில், அறுவை செய்துகொண்ட குழந்தைகளுக்குத் தொற்று குறைந்ததைப் போலவே, செய்துகொள்ளாத குழந்தைகளில் பலருக்கும் நாளடைவில் தானாகவே குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே, ‘அடிக்கடி வருகிறது’ என்னும் நினைவை நம்பாமல் ஒரு நோட்டில் தேதி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து, பள்ளிக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றை எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது தொற்றைவிட அந்தக் குறட்டைதான். உறக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு திடுக்கிட்டு இழுத்து விடுகிறானா, நெஞ்சுக்குழி உள்வாங்குகிறதா, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறதா, பகலில் எரிச்சலும் கவனக்குறைவும் உள்ளனவா என்று பாருங்கள். இரவில் இரண்டு மூன்று நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால், பல கேள்விகளால் அறிய முடியாததை மருத்துவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்வார். உறக்கத்தில் மூச்சுத்தடை இருப்பது உறுதியானால், தொற்றின் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், டான்சிலையும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையையும் எடுப்பதே பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை. இந்த நிலையில் வருடக்கணக்கில் காத்திருப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

அப்பத்தாவின் அச்சத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். டான்சில் நோய் எதிர்ப்புக்கு உதவும் உறுப்பு என்பதில் தவறில்லை. ஆனால் அது தனித்து நிற்கும் காவல் அன்று. நாக்கின் அடியிலும், மூக்கின் பின்னும், கழுத்து நெறிகளிலும், குடலிலும் அதே வகைத் திசு ஏராளமாக உள்ளது. அவை அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும். எடுத்தபின் குழந்தை நோஞ்சானாவதில்லை. மூச்சுத்தடையால் சரியாக உண்ணாமலும் உறங்காமலும் இளைத்திருந்த குழந்தைகள் அறுவைக்குப் பின் எடை கூடுவதையே நாங்கள் காண்கிறோம். இதை மருத்துவரே அவர்களுக்கு நேரில் விளக்கினால் நல்லது; அடுத்த முறை அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வரும் கோடை விடுமுறையில் என் மகளுக்கு டான்சில் அறுவை செய்ய முடிவு செய்திருக்கிறோம். அறுவைக்கு முன்னும் பின்னும் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்? ஐஸ்கிரீம் மட்டுமே கொடுக்க வேண்டுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அறுவை முழு மயக்கத்தில், வாய் வழியாகவே செய்யப்படும்; வெளியில் தையலோ தழும்போ இராது. பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முன்னதாக மூன்று விஷயங்களை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்: அண்மையில் வந்த காய்ச்சல் அல்லது சளி, ஆடும் பற்கள், குடும்பத்தில் எவருக்காவது பல் பிடுங்கியபோதோ காது குத்தியபோதோ இரத்தம் நிற்காமல் வழிந்த வரலாறு. உறவுக்குள் மணம் செய்யும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில், மறைந்திருக்கும் இரத்தக் கசிவுக் குறைபாடு வெளிப்பட வாய்ப்பு கூடுதல் என்பதால், மூன்றாவதை நான் வலியுறுத்துகிறேன்.

அறுவைக்கு 6 மணி நேரம் முன்பே திட உணவையும் பாலையும் நிறுத்திவிட வேண்டும். தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். வெறும் வயிற்றில் பிள்ளை வாடுகிறதே என்று மனம் இரங்கி, வீட்டுப் பெரியவர்கள் விடியற்காலையில் ஒரு தம்ளர் பாலைக் கொடுத்துவிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. மயக்கத்தில் வாந்தி வந்து அந்தப் பால் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்; அறுவையைத் தள்ளி வைப்பதால் எந்த இழப்பும் இல்லை.

அறுவை நடந்த அன்று மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் வலி 3-ஆம் நாளிலிருந்து 5-ஆம் நாள் வரை கூடும், காதிலும் வலிக்கும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு செல்வதால் வரும் வலி அது. காதில் சொட்டு மருந்து விட வேண்டியதில்லை. டான்சில் இருந்த இடம் வெண்மையாகப் படிந்து காணப்படும். அது சீழ் அன்று, புண் ஆறும்போது உண்டாகும் படலம். 5-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரை இந்தப் படலம் உதிரும்போது சிலருக்கு இரத்தம் கசியும். எச்சிலில் புதிய சிவப்பு இரத்தம் தெரிந்தாலும், குழந்தை உறக்கத்தில் திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டே இருந்தாலும், கருஞ்சிவப்பாக வாந்தி எடுத்தாலும் ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்த இரண்டு வாரமும், இரவில் வண்டி கிடைக்காத கிராமத்து வீட்டில் தங்காமல் மருத்துவமனைக்கு அருகே இருப்பது நல்லது. உறவினர் திருமணத்துக்காக வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

ஐஸ்கிரீம் வலியை மரக்கச் செய்யும் என்பதால் கொடுக்கலாம். ஆனால் அதுவே உணவாகிவிடக் கூடாது. முக்கியமானது தண்ணீர். வலிக்கிறதென்று விழுங்காமலே இருந்தால் தொண்டை வறண்டு வலி மேலும் கூடும். ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம், பால் பணியாரம், குழைந்த பருப்புச் சாதம், மோர் ஆகியவற்றைக் கொடுங்கள். தேன்குழல், சீப்புச் சீடை போன்ற மொறுமொறுப்பானவற்றையும், மிளகும் மிளகாயும் தூக்கலான குழம்புகளையும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். வலி மருந்தை, அழுதபின் கொடுப்பதைவிட நேரம் தவறாமல் கொடுப்பதே சரி. பாராசிட்டமால் பாதுகாப்பானது, ஆஸ்பிரின் இரத்தக் கசிவைத் தூண்டும் என்பதால் கூடாது. டான்சில் அறுவைக்குப் பின், சில இருமல், வலி மருந்துகளில் இருக்கும் கோடீன் என்னும் பொருள் கலந்த மருந்தைச் சிறுவர்களுக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. சில குழந்தைகளின் உடலில் அது வேகமாக மார்பின் என்னும் வலுவான வலிநீக்கியாக மாறி மூச்சை நிறுத்தியிருக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய இருமல் மருந்துப் புட்டியை எடுக்கும் முன் அதன் சீட்டைப் படியுங்கள்.

கேள்வி: தொண்டையில் சதை வளர்ந்தால், மிளகுப் பொடியும் உப்பும் தொட்டு விரலால் உள்நாக்கை அழுத்தித் தூக்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். செய்யலாமா?
– வாசகி, புதுவயல்

பதில்: வேண்டாம். உள்நாக்கு நடுவில் தொங்குவது. டான்சில் அதன் இருபுறமும் இருப்பது. விரல் அழுத்தத்தால் டான்சில் சுருங்காது. புண்ணாகி, வீங்கி, மூச்சுக்குழாய்ப் பாதை அடைபடலாம். கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான உப்புநீர் போதும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. டான்சிலின் பக்கத்தில் சீழ்க்கட்டி இரண்டு முறை வந்து கீறி எடுத்தார்கள். இந்த வயதில் அறுவை செய்யலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: செய்யலாம். இரண்டாவது முறை சீழ்க்கட்டி வந்தபின் டான்சிலை எடுத்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். பெரியவர்களுக்கு வலி குழந்தைகளைவிடக் கடுமையாகவும், இரண்டு வாரம் வரையிலும் இருக்கும். அதற்கேற்ப வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். கீறி எடுத்தபின்னும் ஒரு பக்கத்து டான்சில் மட்டும் வலியின்றிப் பெரிதாகிக்கொண்டே வந்தாலோ, நீங்கள் புகையிலை மெல்பவராக இருந்தாலோ, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போது எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த முடிவையும் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.