வரப்பில் நின்று பார்ப்பவர்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் ஒரு தொடக்கப் பள்ளியில் பத்து நாள் உட்கார்ந்து வகுப்புகளைப் பார்த்தது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பது, சாப்பாட்டைத் தாங்களே பரிமாறிக்கொள்வது எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருந்தது. நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவருக்கு எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. வெளிநாட்டுப் பள்ளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் நம்மிடம் இல்லாததைத்தான் சொல்கிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் வருத்தம் நியாயமானது. துடைப்பதையும் பரிமாறுவதையும் நான் அத்தனை நீட்டியிருக்க வேண்டாம். சாப்பாட்டில் நமக்கு ஒன்றும் குறைவில்லை. நம் திருக்குவளைப் பள்ளியில்தான் 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கித் தொடங்கிவைத்தார்கள். எழுதியிருக்க வேண்டியது வேறு ஒன்று. அதை இப்போது சொல்கிறேன்.

ஒரு நாள் மதியம் மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒன்றாம் வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பள்ளியின் ஆசிரியர்கள் அத்தனை பேரும் சுவரோரம் நின்றார்கள். 45 நிமிடத்துக்கும் ஒரே கணக்கு: 13 – 9. அந்த எண்களை எடுப்பதற்கே பல நாள் கூடிப் பேசியிருக்கிறார்கள். 12 – 3 என்று கொடுத்தால் பிள்ளை மூன்று விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணிவிடும். ஒன்பதை அப்படி எண்ணுவது பெரும்பாடு. பத்திலிருந்து ஒன்பதை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஒன்றை மூன்றோடு சேர்த்தால் என்ன என்று பிள்ளைக்கே தோன்ற வேண்டும், அதற்குத்தான் ஒன்பது.

என் பக்கத்தில் நின்ற ஆசிரியையின் கையில் ஓர் அட்டை, அதில் பிள்ளைகள் உட்காரும் இடங்களின் படம். பாடம் நடத்துகிறவர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மேசைக்கடியில் விரல்களை மடக்கினான், ஏழில் குழம்பி நின்றான், பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தான், தான் எழுதியதை ரப்பரால் அழித்தான். எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டார். கரும்பலகையில் எழுதிய எதையும் பாடம் முடியும்வரை அழிக்கவில்லை. பிள்ளைகள் சொன்ன தப்பான வழியும் சரியான வழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார்கள். மொழிபெயர்க்க வந்தவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அந்தப் பையன் ஏழில் ஏன் நின்றான் என்பதைச் சுற்றியே பேச்சு ஓடியது. நடத்தியவரை யாரும் குறை சொல்லவில்லை, புகழவும் இல்லை. இதற்கு ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று பெயர், பாட ஆய்வு எனலாம். ஜப்பானில் மெய்ஜி பேரரசர் காலத்தில் வேர்விட்ட பழக்கம், நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது.

நம் பள்ளியில் வகுப்பின் கடைசியில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தால் அது ஆண்டாய்வு. பாடக்குறிப்பு எழுதி முடித்தோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். 26 வருஷ வேலையில் அதுவரை சக ஆசிரியர் ஒருவர்கூட என் வகுப்பை முழுசாகப் பார்த்ததில்லை, நானும் பார்க்கப் போனதில்லை. அதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏனென்றால் நான் வளர்ந்த ஊரில் அப்படி இல்லை. அப்பா சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தால் காலையில் வரப்போடு போகிற எல்லோரும் நின்று பார்ப்பார்கள். “என்ன மாமா, நாத்து மஞ்சளடிச்சிருக்கு? தண்ணி வடியலையா?” என்பார்கள். அப்பா ஒரு நாளும் கோபித்ததில்லை. மறுநாள் அவர் போய் அவர்கள் வயலைப் பார்ப்பார். இத்தனைக்கும் அதே வரப்பில் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

ஊர் திரும்பியதும் பக்கத்து ஊர்ப் பள்ளி நண்பரிடம் பேசி, அவர் வகுப்புக்குப் போனேன். சரியாக வரவில்லை. பிள்ளைகள் எழுந்து “வணக்கம் ஐயா” சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவரும் நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளைகளையே கேட்டுக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது. முதலில் அவரை என் வகுப்புக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அவர் வந்தார். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் 32 – 17 என்பதற்கு 25 என்று போடுவாள். வாரக்கணக்காக நான் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் குந்திப் பார்த்த நண்பர்தான் கண்டுபிடித்தார்: 2-ல் 7 போகாது என்று, 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள்.

இரண்டு பேர் இருக்கிற பள்ளியில் ஒருவர் நடத்த, மற்றவர் நின்று பார்ப்பது கஷ்டம். தெரியும். மாதம் ஒரு முறை, இருபது நிமிடம் போதும். மற்ற பிள்ளைகளை ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி நூலோடு அதே அறையில் ஒரு பக்கமாக உட்காரவையுங்கள். ஒரு கணக்கு, ஒரு பிள்ளை. முதலில் உங்கள் சக ஆசிரியரை உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கழித்தல் நடத்துகிற அன்று கூப்பிட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்.