டெண்டரில் போட்டியாளரைக் கணிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: போட்டி நிறுவனம் என்ன விலை போடும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். அவர்கள் முன்பு போட்ட விலைகளைத் தேடி எடுங்கள். அரசு வேலையில் முடிவுகள் பெரும்பாலும் வெளியே வந்துவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய ஒப்பந்தங்கள் யாருக்குப் போயின என்பது 'டெட்' இணையதளத்தில் இருக்கும். அமெரிக்க மத்திய அரசின் ஒப்பந்தங்களை 'யூஎஸ்ஏஸ்பெண்டிங்' தளத்தில் நிறுவனம் வாரியாகப் பார்க்கலாம். தோற்றவர்களின் விலை எல்லா நாட்டிலும் கிடைக்காது. வென்ற விலை மட்டும் கிடைத்தாலும் குறித்துவையுங்கள்.

தொகையாக எழுதினால் ஒன்றும் புலப்படாது. வேலை தரும் அரசுத் துறையின் மதிப்பீட்டை 100 என்று வைத்து, ஒவ்வொருவர் விலையையும் அதற்கு எதிரே எழுதுங்கள். என் பதிவேட்டில் ஒரு நிறுவனம் 94, 95, 93 என்றே நின்றது. ஒரு முறை மட்டும் 84. காரணம் தேடினேன். அதற்கு முந்தைய மாதம்தான் அவர்களுடைய பெரிய வேலை ஒன்று முடிந்திருந்தது. ஆட்களும் இயந்திரங்களும் சும்மா இருக்கும்போது யாராக இருந்தாலும் விலையை இறக்குவார்கள். அன்றே 'கையில் உள்ள வேலை' என்று இன்னொரு கட்டம் போட்டேன். இன்றுவரை நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

கேள்வி: எத்தனை பேர் வருவார்கள் என்பது அவ்வளவு முக்கியமா ஐயா?

பதில்: மிக முக்கியம். லாரன்ஸ் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் டெண்டர் விலை போடுவது பற்றி 1956இல் எழுதிய கட்டுரை இதைக் கணக்காகவே காட்டியது. ஒருவரை வெல்ல உங்களுக்கு 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பலமுள்ள மூவர், ஒருவரையொருவர் சாராமல் விலை போட்டால், மூவரையும் வெல்லும் வாய்ப்பு 22 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். டெண்டர் தயாரிக்கவும் செலவாகிறதே! வேண்டாம் என்று விடுவதும் இந்த ஆய்வின் பலன்தான்.

கேள்வி: விலையைத் தவிர?

பதில்: தகுதி நிபந்தனைகள். அவற்றைத் தாண்ட முடியாதவர்களை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

கேள்வி: அந்த நிறுவனத்தில் என் நண்பர் இருக்கிறார். அவரிடமே விலையைக் கேட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து கேட்காதீர்கள். இருவரும் பேசி விலை வைப்பது அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் தடை செய்கிறது. அரசு டெண்டரில் செலவாகும் பணம் மக்கள் கட்டிய வரி. பொதுவெளியில் கிடைப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டுங்கள். ரகசியத்தின் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: தொடர்ந்து தோற்கிறோம். விலையை இன்னும் குறைக்கலாமா?

பதில்: உடனே குறைக்காதீர்கள். மிகக் குறைந்த விலை போட்டவர், செலவைத் தப்பாகக் கணக்கிட்டவராகவும் இருக்கலாம். அவரைத் துரத்தினால் அவருடைய நஷ்டம் உங்களுக்கு வரும். முதலில் ஏன் தோற்றோம் என்று துறையிடமே எழுத்தில் கேளுங்கள். அமெரிக்க மத்திய அரசின் பேச்சுவார்த்தை முறை ஒப்பந்தங்களில், முடிவு அறிவிப்பு கிடைத்த 3 நாட்களுக்குள் கேட்டால் விளக்கம் தர வேண்டும் என்பது விதி. உங்கள் டெண்டர் விதிகளிலும் அப்படி ஒரு காலக்கெடு இருக்கிறதா என்று இன்றே புரட்டிப் பாருங்கள்.