ஒரு வாரம், 15 பேர், ஒரு பட்டியல்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், இணையத்தில் பழகிய வெளிநாட்டுத் தோழிகளோடு குழு சேர்ந்து ஒரு வாரம் ‘ஸ்கேவெஞ்சர் ஹன்ட்’ விளையாடப் போகிறாளாம். முன்பு நடந்த ‘கிஷ்வெஸ்’ மாதிரி என்கிறாள். என்ன விளையாட்டு இது? விடலாமா?
– ஒரு அம்மா, திருச்சி

பதில்: தாராளமாக விடுங்கள். ஸ்கேவெஞ்சர் ஹன்ட் என்றால், ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, அதில் உள்ளதைத் தேடவும் செய்யவும் வைக்கும் ‘வேட்டை’ விளையாட்டு. கிஷ்வெஸ்ஸை 2011-ல் தொடங்கியவர் அமெரிக்க நடிகர் மிஷா காலின்ஸ். குழுவுக்கு 15 பேர், ஒரு வாரம் கெடு, கையில் ஒரு நீளமான பட்டியல். அதில் உள்ள விசித்திரமான வேலைகளைச் செய்து படமாகவோ வீடியோவாகவோ அனுப்பினால், வேலையின் கஷ்டத்தைப் பொறுத்துப் புள்ளிகள். பொருளைத் தேடி எடுப்பதைவிட உருவாக்குவதுதான் அதிகம். பிறருக்கு உதவி செய்யும் வேலைகளும் பட்டியலில் இருந்தன. குழுவில் ஆள் குறைந்தால் முன்பின் தெரியாதவர்களை நிர்வாகமே சேர்த்துவிட்டது, அப்படித்தான் பலருக்கு வேறு வேறு நாடுகளில் நட்பு கிடைத்தது.

இதில் ஜெயிக்க எல்லோரும் ஓவியராகவோ நடிகராகவோ இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்குத் தையல் வரும், ஒருவருக்கு வீடியோ எடிட்டிங் வரும், இன்னொருவர் வீட்டுப் பக்கத்தில் கடல் இருக்கும், யார் எதை எடுப்பது என்று முதல் நாளே பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மகளிடம் முக்கியமாகக் கெடு எந்த ஊர் நேரம் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் நள்ளிரவு 12 என்றால் நமக்குப் பகல் 12.30. அவர்கள் தூங்கப் போகும்போது இவள் வேலையைத் தொடரலாம், பல நாட்டுக் குழுவின் பெரிய பலமே அதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். கிஷ்வெஸ்ஸின் 2014 பட்டியலில், ஏற்கெனவே படைப்பு வெளியான அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவரிடம் 140 சொற்களுக்குள் ஒரு கதை எழுதி வாங்க வேண்டும் என்று ஒரு வேலை இருந்தது. கதையில் மிஷா, இங்கிலாந்து ராணி, யானையும் ஆக்டோபஸும் கலந்த ‘எலோபஸ்’ என்ற கற்பனைப் பிராணி மூவரும் வர வேண்டும். கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை குழுக்களும் அதே எழுத்தாளர்களை மொய்த்தால்? பலர் வெளிப்படையாகவே எரிச்சல்பட்டார்கள், நியாயம்தானே, எழுத்துதான் அவர்கள் பிழைப்பு. எனவே யாரிடம் உதவி கேட்டாலும் ஒருமுறை கேட்கட்டும், முடியாது என்றால் நன்றி சொல்லி விலகட்டும். தெருவில் படம் எடுக்கும்போது அதில் விழுகிறவர்களிடமும் அனுமதி வாங்கட்டும். அப்புறம், வீட்டு முகவரியோ கல்லூரி அடையாள அட்டையோ எந்தப் படத்திலும் தெரியக் கூடாது.

கேள்வி: எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் துபாய், சிங்கப்பூர், சென்னை என்று சிதறிக் கிடக்கிறார்கள். நாங்களே ஒரு வேட்டை நடத்தினால் பட்டியலை எப்படிப் போடுவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: நல்ல காரியம், உடனே செய்யுங்கள். ஒரேயடியாகக் கஷ்டமானதாகப் போட்டு மிரட்டாதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1987 முதல் மாணவர்கள் நடத்தும் வேட்டையில், 1999-ல் அணு உலை ஒன்றைச் செய்யச் சொன்னார்கள், இரண்டு மாணவர்கள் நிஜமாகவே சின்ன அளவில் செய்தும் காட்டினார்கள்! உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். பாதி, பத்து வயதுப் பிள்ளை தனியாக முடிக்கிற மாதிரி இருக்கட்டும். உதாரணமாக, அடுக்களைப் பருப்புகளை மட்டும் வைத்துத் தாத்தாவின் முகம். மீதியை, இரண்டு ஊர்க்காரர்கள் சேர்ந்தால்தான் முடியும் என்று வையுங்கள்: சிங்கப்பூரில் ஒருவன் வீசும் பந்தை துபாயில் ஒருத்தி பிடிப்பது போல ஒரே வீடியோ. செலவுக்கு ஒரு வரம்பு வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காசு உள்ள வீடுதான் ஜெயிக்கும். புள்ளி போடும் பொறுப்பை விளையாடாத ஒரு சித்தியிடமோ பெரியம்மாவிடமோ கொடுங்கள்.