இரண்டு மாதத்தில் அடிப்படை போர்ச்சுகீசியம் பேச வருமா?

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் வேலை கிடைத்திருக்கிறது, கிளம்ப இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் மொழி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். கடையில் வாங்க, வழி கேட்க, உங்களைப் பற்றி நாலு வரி சொல்ல வரும். ஏ1 என்பார்கள் அந்த நிலையை. குடியுரிமைக்குத் தேவையான, அதற்கு அடுத்த நிலையான ஏ2 தேர்வை மட்டும் இப்போதைக்கு மனதில் வைக்காதீர்கள்.

நான் லிஸ்பன் வந்த புதிதில் எட்டு வாரத் தீவிர வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஐந்து நாள், தினமும் மூன்று மணி நேரம். முதல் இரண்டு வாரம் ரொம்பவே திணறினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்ததுதான் காரணம். தமிழைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்ததும் வேகம் பிடித்தது.

எல்லோரும் குழம்பும் 'செர்', 'எஷ்தார்' வினைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'be' என்ற ஒரே வினை. தமிழில் 'நான் இன்ஜினியர்' என்று வினையே இல்லாமல் சொல்கிறோம் இல்லையா, அங்கே 'செர்' வரும். 'களைப்பாக இருக்கிறேன்', 'லிஸ்பனில் இருக்கிறேன்' என்று 'இரு' வரும் இடத்தில் 'எஷ்தார்'. எல்லா இடத்திலும் இது பொருந்தாது; 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்பதற்கு 'செர்'தான். ஆனாலும் முதல் மாதத்தை இதை வைத்தே ஓட்டிவிடலாம். அப்புறம், 'ஃபாலு' என்றாலே பேசுகிறேன், 'ஃபாலமுஷ்' என்றாலே பேசுகிறோம். நம் வினைமுற்று மாதிரியே ஆள் யார் என்பது விகுதியில் தெரிந்துவிடுவதால் நான், நாம் எல்லாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உச்சரிப்பில் நமக்கு இன்னும் பெரிய வசதி இருக்கிறது. ரொட்டிக்கு இங்கே 'பௌ' என்பார்கள், ஆனால் மூக்கால் சொல்ல வேண்டும். மும்பை பாவ் பாஜியில் இருக்கும் பாவ் இந்தச் சொல்தான். மூக்கொலி இல்லாமல் சொன்னால் கட்டை என்று அர்த்தம். எங்கள் தெரு பேக்கரியில் நான் முதல் தடவை கேட்டபோது அந்த அம்மாவுக்குப் புரியவில்லை, கையைக் காட்டித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். 'வந்தான்' என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? கடைசி 'ன்'னுக்கு நாக்கு மேலே தொடுவதே இல்லை, 'தா'வோடு சேர்ந்து மூக்கு வழியாகப் போய்விடுகிறது. அதே மூக்கொலிதான் வேண்டும். மறுநாள் அப்படிச் சொன்னேன், உடனே எடுத்துக் கொடுத்தார்.

அதேபோல் பாலுக்கு 'லைத்து'. முடிவில் உதட்டைக் குவிக்கக் கூடாது. 'பத்து' என்று சொல்லும்போது வருகிற குற்றியலுகரம் அப்படியே பொருந்தும். மற்ற நாட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் பழகும் ஒலி இது. நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்!

போர்ச்சுகல் பேச்சா, பிரேசில் பேச்சா, எதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிரேசிலில் இதே பால் பல இடங்களில் 'லெய்ச்சி'. பேருந்து, ரயில், காலை உணவு எல்லாவற்றுக்கும் அங்கே வேறு சொல். டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலி கற்றுத்தருவது பிரேசில் பேச்சு. லிஸ்பன் வருகிறவர் தினமும் அரை மணி நேரம் போர்ச்சுகலின் பொது ஒலிபரப்பான ஆர்டிபியின் செய்தியைக் கேளுங்கள். இங்கே உயிரெழுத்துகளை விழுங்கிப் பேசுவார்கள், காது பழகவே ஒரு மாதம் பிடிக்கும்.

சொற்களைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியத்திலிருந்து நம்மிடம் வந்தவைதான்.

எண்களை மட்டும் வருவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். எந்தக் கடையில் பில் போட்டாலும் 'கோந்த்ரிபுயின்த்?' என்று வேகமாகக் கேட்பார்கள். பில்லில் உங்கள் வரி எண்ணைச் சேர்க்கவா என்று அர்த்தம். அது ஒன்பது இலக்கம். முதல் மாதம் முழுக்க என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் அதே பேக்கரியில் ஒன்பதையும் நிறுத்தாமல் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, வேறு யாருக்கும் போடுவதுபோல் தட்டிவிட்டு பில்லை நீட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.