அப்பாவின் ஆபரேஷனுக்கு முன் முதியோர் மருத்துவரையும் பார்க்கச் சொல்கிறார்கள். அவசியமா, பில்லை ஏற்றவா?

அவசியம்தான். உங்கள் அப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போகும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 78 வயதில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாளே ஆபரேஷன், அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி, எறும்பு ஊர்கிறது என்று போர்வையை உதற ஆரம்பித்தார். இறந்துபோன பெரியம்மாவை "அக்கா, கதவைத் திற" என்று கூப்பிட்டார். யூரின் டியூபைப் பிடித்து இழுக்கிறார் என்று இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி, தூக்க ஊசி போட்டார்கள். காலையில் மணிக்கட்டில் சிவப்புத் தடம். "வயசானா இப்படித்தாம்மா" என்றார் டியூட்டி டாக்டர்.

மூன்றாம் நாள் முதியோர் மருத்துவர் வந்தார். அவர் முதலில் கேட்டது, "இவங்களுக்குக் காது கேக்குமா?" ஆபரேஷனுக்காகக் கழற்றிய காது மெஷினும் கண்ணாடியும் என் கைப்பையில் கர்ச்சீப்பில் முடிந்தபடியே கிடந்தன. அவரே மாட்டிவிட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாலு நாளாக மலம் போகவில்லை என்பதைக் கேட்டு அறிந்தார். தூக்க ஊசியையும் அரிப்புக்குப் போட்ட அவில் மருந்தையும் நிறுத்தி, டியூபை எடுத்து, அன்றே நாற்காலியில் உட்காரவைத்தார். இதற்கு டெலிரியம், அதாவது திடீரென வரும் மனக்குழப்பம் என்று பெயர், மறதி நோய் இல்லை என்றார். ஐந்தாம் நாள் அம்மா என் பெயர் சொல்லித் தண்ணீர் கேட்டார்.

எலும்பு டாக்டரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் வேலையை அவர் சுத்தமாகச் செய்தார். முதியோர் மருத்துவர் வந்தால் யாருக்குமே இந்தக் குழப்பம் வராது என்றும் சொல்லவில்லை. பணக்காரர்கள் சமாச்சாரம் என்பவர்களுக்கு: சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கிவிட்டார். 2024-ல் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கை அரசு மருத்துவமனையும் திறந்தாயிற்று.

அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் எடுத்துப் போய் ஆபரேஷனுக்கு முன்பே முதியோர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் செல்போனை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கை கட்டிய நிலையில் அம்மா உளறியதை ஒருவர் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வீட்டுக்கு வந்தபின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்கிறார்.