சுயாதீன ராப் பாடகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ராப் பாடல்களைப் பதிவு செய்து மிக்ஸ் செய்வது என் தொழில். வரிகள், பதிவு, உரிமை ஆகிய மூன்றையும் பற்றிக் கேளுங்கள். புகழ் பெறும் வழியை என்னிடம் கேட்டுப் பயனில்லை.

கெப்போங் வாசகர்: அக்கா, என் பாடலில் ஒவ்வோர் அடியும் இயைபோடுதான் முடிகிறது. இருந்தும் கேட்பவர்களுக்குச் சலிப்புத் தட்டுகிறதாம். ஏன்?

பதில்: தமிழ் வாக்கியம் இயல்பாகவே வினைமுற்றில் முடிவதால், 'எழுகிறேன், பிடிக்கிறேன், துடைக்கிறேன்' என்று எத்தனை அடிக்கு வேண்டுமானாலும் இயைபு உழைப்பின்றிக் கிடைத்துவிடும், அடுத்து என்ன வரும் என்பதைக் கேட்பவரின் காது இரண்டாம் அடியிலேயே ஊகித்துவிடும். வினைமுற்றை அடியின் நடுவே தள்ளுங்கள், அல்லது விட்டே விடுங்கள். நீங்கள் அனுப்பிய 'காலையில் எழுகிறேன், பஸ்ஸைப் பிடிக்கிறேன், வேலைக்குப் போகிறேன், வேர்வை துடைக்கிறேன்' என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்:

காலை நாலரை, கால்சட்டைப் பையில அஞ்சு வெள்ளி,
வேலை முடிஞ்ச அப்பா வாசல்ல, ஒத்தச் செருப்பு தள்ளி.

காலை, வேலை எதுகை. காலை, கால்சட்டை மோனை. வெள்ளி (ரிங்கிட்), தள்ளி இயைபு. இரவு வேலை முடிந்து திரும்பும் தந்தையும் காலை வேலைக்குக் கிளம்பும் மகனும் ஒரே வாசலில் எதிர்ப்படுவது தெரிந்துவிட்டால், வறுமை என்ற சொல்லைப் பாடவே வேண்டியதில்லை. எளிய நடை என்று நாம் பாராட்டும் ராப் வரிகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்த வேலைப்பாடு இருக்கும்.

செராஸ் வாசகர்: இணையத்தில் 'இலவசம்' என்று போட்டிருந்த பீட்டில் (பின்னணித் தாள இசையில்) பாடி வெளியிடலாமா?

பதில்: பெரும்பாலான இடங்களில் அந்த இலவசம், வருமானம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே. அதே பீட்டை அதன் தயாரிப்பாளர் இன்னும் பலருக்குக் கொடுத்திருப்பார். அவர்களில் ஒருவர் தம் பாடலை, ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டறியும் யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' முறையில் பதிந்துவிட்டால், உங்கள் பாடலின் வருமானம் அவர் கணக்குக்குப் போகலாம். எந்த பீட்டாக இருந்தாலும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள்.

பினாங்கு ஆசிரியர்: 'முடிஞ்ச', 'வாசல்ல' என்று நீங்களே எழுதிக் காட்டினால் எங்கள் மாணவர்களின் தமிழ் என்னவாகும்? தாளத்துக்காக மொழியைச் சிதைக்கலாமா?

பதில்: தாளத்துக்காக என்ற சாக்கை நானும் ஏற்பதில்லை, ஐயா. 'வாசலில்' என்பதற்கும் 'வாசல்ல' என்பதற்கும் மாத்திரை நாலரைதான்; 'முடிந்த', 'முடிஞ்ச' இரண்டும் மூன்றரைதான். பீட்டில் எதை வைத்தாலும் உட்காரும். மாறுவது பேசுபவர் யார் என்பதே. உங்கள் பினாங்கின் பிறை நகரில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பையன் தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது 'வாசலில்' என்று சொல்வதில்லை. சொல்ல வைத்தால் அங்கே அவன் இல்லை, நீங்களும் நானும்தான் இருக்கிறோம்.

அதே ஆசிரியர்: இலக்கியம் என்பது பேச்சை உயர்த்த வேண்டும், அதற்கு இறங்கிப் போகக் கூடாது.

பதில்: உழவர் வாழ்வைப் பாடும் முக்கூடற்பள்ளில், ஒரே உழவனின் மனைவியரான இரண்டு பள்ளியரும் ஏசிக்கொள்ளும் இடத்தை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உழவர் வீட்டுச் சண்டையை அவர்கள் வாயாலேயே பேசவிட்ட புலவர், யாப்பில் பிசகவில்லை. நான் கேட்பதும் அதுதான்: பேச்சுத்தமிழில் எழுதுகிறவர், தொல்காப்பியச் செய்யுளியல் பேசும் மோனை, எதுகை, இயைபு என்னும் தொடைகளைத் தெரிந்துகொண்டு எழுதட்டும். தேர்வுத்தாளில் 'வாசல்ல' என்று எழுதும் மாணவருக்கு நீங்கள் மதிப்பெண்ணைக் குறையுங்கள்; அதில் எனக்கு மறுப்பில்லை.

பத்து கேவ்ஸ் வாசகர்: ஆசிரியர் சொல்வதே சரி. கெட்ட வார்த்தையும் இப்படித்தானே உள்ளே வந்தது?

பதில்: அது வேறு விவாதம். வசை இருந்தால் வானொலியில் ஒலிபரப்ப மாட்டார்கள் என்பதால் அது இல்லாத பதிப்பு ஒன்றையும் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள்.

அம்பாங் வாசகர்: நண்பன் செய்த பீட்தான். அதற்குமா எழுத்து?

பதில்: நண்பன் என்பதால்தான் எழுத்து. பாடல் ஓடாதவரை யாருக்கும் சண்டை வராது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நம் மலேசிய ராப் பாடகர் யோகி பி பழைய திரைப்பாடலை எடுத்துப் புகழ் பெற்றாரே, நான் செய்தால் என்ன?

பதில்: 1980இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலைத் தழுவிய 'மடை திறந்து'வைச் சொல்கிறீர்கள். அந்தப் பாடலின் புகழ் உங்களுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. மெட்டுக்கு ஓர் அனுமதி, மூல ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் அதற்குத் தனி அனுமதி என்று இரண்டு வாங்க வேண்டும். அவரிடமிருந்து வேறொன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். 1990களிலேயே பொயட்டிக் அம்மோ குழுவில் ராப் பாடியவர், டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தது 2006இல். இடைப்பட்ட ஆண்டுகளின் மேடைப் பழக்கத்தை, அதில் அவர் மூச்சைக் கட்டுப்படுத்தும் விதத்தில் கேட்கலாம்.

செத்தாப்பாக் வாசகர்: ஸ்பாட்டிஃபையில் போட்டால் மாதம் எவ்வளவு வரும்?

பதில்: தொடக்கத்தில் ஒன்றுமே வராமல் போகலாம். 30 விநாடியாவது ஓடினால்தான் ஒரு கேட்பு; 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொடாத பாடலின் ஒலிப்பதிவுக்கு அவர்கள் பணம் தருவதில்லை. வரிகளையும் மெட்டையும் நீங்களே எழுதினால் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலிக்கும் மலேசிய அமைப்பான எம்ஏசிபியில் உறுப்பினராகுங்கள். பாடல் வானொலியிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும்போது படைப்பாளருக்குச் சேரும் தொகை அது.

கெப்போங் வாசகர், மீண்டும்: இலவச பீட்டில் பாடி, பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதுமா?

பதில்: செராஸ் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

பட்டர்வொர்த் தங்கை: வீட்டில்தான் பதிவு செய்கிறேன், அக்கா. மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. அடுக்குமாடி வீட்டின் வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும், கீழே போகும் மோட்டார் சைக்கிளையும் அது சேர்த்தே பிடிக்கும். அவ்வளவு நுட்பமாக ஒலி பிடிக்காத டைனமிக் மைக் ஒன்றை வாங்கி, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி விட்டுப் பாடுங்கள். மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். பதிவின் மிக உரத்த இடமும் உச்ச அளவுக்கு 6 டெசிபல் கீழேயே நிற்கட்டும்; எதிரொலி எதையும் சேர்க்காமல் மிக்ஸ் செய்ய அனுப்புங்கள்.