பண்டைய கிரேக்கர்களுக்குக் கடல் ஏன் அவ்வளவு முக்கியம்?

முதல் காரணம் வயிற்றுப்பாடுதான். மலைகள் நிறைந்த கிரேக்கத்தில் ஆலிவும் திராட்சையும் நன்றாக விளையும்; கோதுமை போதாது. ஏதென்ஸ் தன் தானியத்தில் பெரும்பங்கைக் கருங்கடல் கரையிலிருந்து கப்பலில் வரவழைத்தது. எல்லாக் கப்பல்களும் ஹெலஸ்பாண்ட் (இன்றைய டார்டனெல்ஸ்) என்ற ஒடுங்கிய நீரிணையைத் தாண்டியாக வேண்டும். ஏதென்ஸின் குரல்வளையே அதுதான்.

காவலுக்கு இருந்த மூவடுக்குத் துடுப்புப் போர்க்கப்பலில் 170 துடுப்பாளர்கள் உட்படச் சுமார் 200 பேர். உணவும் தண்ணீரும் சேர்த்துவைக்க இடமே கிடையாது. அடிக்கடி கரையேறித்தான் தீர வேண்டும். கி.மு. 405இல் ஹெலஸ்பாண்ட் கரையிலுள்ள ஈகோஸ்பொட்டாமியில் இந்தப் பலவீனம் ஏதென்ஸைக் கவிழ்த்தது. ஆட்கள் உணவு தேடிக் கரையில் சிதறியிருந்த நேரம் பார்த்து எதிரி நாடான ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தளபதி லைசாண்டர் பாய்ந்தார். ஏறக்குறைய மொத்தக் கடற்படையும் அவர் கையில். தானிய வழி அடைபட்டது. மதிலை யாரும் உடைக்கவில்லை, பட்டினிதான் கி.மு. 404இல் ஏதென்ஸைச் சரணடைய வைத்தது.